ஒளித்து வைத்த மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வயது 34. கல்லூரிக் காலத்திலிருந்தே உதட்டோரத்தில் கொப்புளம் வரும், வருடத்துக்கு ஏழெட்டு முறை. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வெயிலில் அலைந்தால் கட்டாயம் வரும். போன பிப்ரவரியில் தோல் மருத்துவர் வாலசைக்ளோவிர் 500 மி.கி. தினம் ஒன்று போடச் சொன்னார். அதற்கப்புறம் ஒரே ஒரு முறைதான் வந்தது. தொடரவா, நிறுத்தவா? வருடக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார் அம்மா. உடம்பு மாத்திரைக்குப் பழகிவிடுமோ என்றும் பயம். பெயரைத் தேடினால் ‘ஹெர்பிஸ்’, பாலுறவால் பரவும் நோய் என்று வருகிறது. அதனால் பட்டையிலிருந்து உதிர்த்து வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கணவருக்குத் தெரியாது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் கேள்வி ஒன்று, அந்த டப்பா ஒன்று. எனக்கு டப்பாதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரைக்குப் பழகிப்போவது என்பதெல்லாம் இதில் கிடையாது. நிறுத்தினால் கை நடுங்காது, தூக்கம் கெடாது. கொப்புளம் பழைய கணக்குக்குத் திரும்பலாம், அவ்வளவுதான். கிட்னி விஷயத்தில் உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்தாக வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பார்த்துவிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். இதற்கு முன்னோடியான அசைக்ளோவிரைப் பல ஆண்டுகள் விடாமல் சாப்பிட்டவர்களைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பயப்படும்படி எதுவும் இல்லை.

நீங்கள் வேதியியல் நடத்துகிறவர், உங்களுக்கு இது பிடிக்கும். உங்கள் வாலசைக்ளோவிர் உடம்புக்குள் போனதும் அசைக்ளோவிராக மாறிவிடுகிறது. அது அங்கே சும்மாதான் கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லில் மட்டும் அந்த வைரஸின் நொதியே அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை உசுப்பிவிடுகிறது. பிறகு அந்த மருந்தே வைரஸ் தன் டிஎன்ஏவை நகலெடுக்க விடாமல் முறிக்கிறது. மற்ற செல்களை அது பெரிதாகச் சீண்டுவதில்லை. இதை விளக்கிய குழுவில் இருந்தவர் கெர்ட்ரூட் எலியன். பெண் என்பதற்காக ஆய்வுக்கூடங்கள் வேலை தர மறுத்தவர், முனைவர் பட்டப் படிப்பை முடிக்காதவர், 1988இல் நோபல் பரிசு வாங்கியவர். அந்த ஆய்வுக் கட்டுரை வெளியான வருடம் 1977.

1977இல் எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாக இருக்கும். விளிம்பில் ஒரு நெளிவு. அது சின்ன அத்தையின் டம்ளர். அத்தைக்கும் உங்களைப் போலத்தான், உதட்டோரத்தில் திராட்சைக் கொத்து மாதிரி நீர் கோத்து நிற்கும். இரண்டு நாளில் உடைந்து தேன் நிறத்தில் பொருக்கு கட்டும். பல்லி எச்சில் பட்டுவிட்டது என்பார் பாட்டி. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுவார்கள். பத்து நாளில் ஆறும், அது தானாகவே ஆறுகிற புண். ஆறின பிறகும் டம்ளர் மட்டும் திண்டிலேயே இருக்கும்.

புண் இருக்கும்போது டம்ளரைத் தனியாக வைப்பது சரியான காரியம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதற்காக, எத்தனை நாளைக்கு என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததால் பத்து நாள் விலக்கு வருடம் முழுக்க நீண்டது. அப்புறம் ஆயுள் முழுக்க நீண்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் என்னமோ சொல்லி மழுப்பினார்கள். மழுப்பியதால் அவர்கள் வேறு என்னமோ நினைத்துக்கொண்டு போனார்கள். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசப் பழகினார். புண் இல்லாத நாளிலும் அப்படித்தான் பேசினார். யாரும் பார்க்காத நேரத்தில் என் கன்னத்தில் முத்தம் கொடுப்பார்.

எனக்கும் வருகிறது, எஸ். பத்து வயதிலிருந்து. அத்தையிடமிருந்து வந்தது என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் உதட்டோரம் சுருசுருவென்றால் முதலில் அவர் ஞாபகம்தான்.

அதனால்தான் அந்த வைட்டமின் டப்பாவைப் படித்ததும் கோபம் வந்தது. படித்த பெண், ஆசிரியை, ஐம்பது வருடம் கழித்து அதே முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 370 கோடிப் பேருக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, இந்த உதட்டுக் கொப்புளத்தைக் கொண்டுவரும் முதல் வகை ஹெர்பிஸ் வைரஸ் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. சின்ன வயதில் யாரோ கொஞ்சியதில் வந்து, முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. எந்த மாத்திரையும் அதை அங்கிருந்து கிளப்பாது. யாரிடம் மறைக்கிறீர்களோ அவருக்கே அது இருக்க வாய்ப்பு அதிகம்! இது நடத்தையைக் காட்டும் நோய் என்று உங்களுக்கு யார் சொன்னது? தேடுபொறியா? டப்பாவில் வேறு மாத்திரையைப் போட்டு வைப்பது ஆபத்தும்கூட. வைட்டமின் என்று நம்பி நாளைக்கு வேறு யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டால்?

ஒளித்து வைத்தால் சொல்ல வேண்டியதையும் சொல்ல முடியாமல் போகும். நாத்தனார் பிரசவத்துக்கு வருகிறாள், குழந்தையை உங்கள் கையில் கொடுக்கிறாள், அன்றைக்கு உங்கள் உதட்டில் புண் என்று வையுங்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றினால் உயிரையே எடுத்துவிடலாம். “எனக்குப் புண் இருக்கிறது, முத்தம் கொடுக்க மாட்டேன்” என்று சட்டென்று சொல்ல வாய் வர வேண்டாமா? புண் இல்லாத நாளிலும் சில சமயம் எச்சிலில் வைரஸ் இருக்கும் என்பதால் அந்தச் சில வாரம் யாருமே பச்சைக் குழந்தையின் வாயில் கொஞ்சாமல் இருப்பது நல்லது. வீட்டுக்குத் தெரிந்திருந்தால்தானே வீடு பார்த்துக்கொள்ளும்.

சரி, மாத்திரை. வருடத்துக்கு ஆறு முறைக்கு மேல் வந்தால் தினசரி மாத்திரையை யோசிக்கலாம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு. நீங்கள் அதற்குள் வருகிறீர்கள், ஆகவே ஆரம்பித்தது தவறில்லை. ஆனால் வயது ஏற ஏறப் பலருக்கு இது வருவது குறையும், அதனால்தான் இடையில் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். நானாக இருந்தால் முகாமும் மே வெயிலும் முடியும்வரை போடுவேன். ஜூலையில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நிறுத்திப் பார்ப்பேன். நிறுத்திய பிறகு வந்தால் ஒருநாள் முறை இருக்கிறது. சுருசுருப்பு தொடங்கியதுமே 2 கிராம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம். அதற்கான சீட்டை இப்போதே எழுதி வாங்கி, மாத்திரையைப் பட்டையோடு கைப்பையில் வையுங்கள். கொப்புளம் எழும்பிய பிறகு கடையைத் தேடிப் போவதில் பெரிய பிரயோசனம் இல்லை. வெயிலில் போகும்போது உதட்டுக்கும் சன்ஸ்கிரீன் வேண்டும். குழந்தைக்கான யோசனை இருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். புண்ணோடு கண்ணும் சிவந்து வலித்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும், மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

நிறுத்திய நாளிலிருந்து நாட்காட்டியில் குறித்து வாருங்கள். சமையலறையில் தொங்குகிற நாட்காட்டியிலேயே குறியுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். ஆறு மாதத்தில் ஒன்றோ இரண்டோ என்றால் தினசரி மாத்திரை தேவைப்படாது. நாலைந்து என்றால் தயங்காமல் திரும்ப ஆரம்பிக்கலாம், அதில் தோற்றுப்போனது எதுவும் இல்லை.

பொங்கல் சமயத்தில் எழுதுங்கள். எத்தனை முறை வந்தது என்பதையும், வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்,
அக்கா