வானம் பார்த்த அரங்கமும் வாங்கிய டிக்கெட்டும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பகுதியிலுள்ள திறந்தவெளி அரங்கில் நகைச்சுவை இசை நாடகம் ஒன்று நடக்க இருக்கிறது. குடும்பத்தில் நான்கு பேருக்கு இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது, “மழையானாலும் நிகழ்ச்சி நடைபெறும், கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்ற வரியைப் பார்த்ததும் கை தயங்கிவிட்டது. மழை கொட்டினால் எங்கள் பணம் போனதுதானா? இப்படி எழுதிவைப்பது செல்லுமா?

பதில்: தயங்க வேண்டிய இடத்தில்தான் தயங்கியிருக்கிறீர்கள். கூரையில்லாத அரங்குக்கு டிக்கெட் எடுப்பவர் நாடகத்தோடு அந்த மாலையின் வானத்தையும் சேர்த்தே வாங்குகிறார். வானம் காலை வாரினால் இழப்பு யார் தலையில் விழும் என்பதை நீங்கள் படித்த அந்த ஒற்றை வரி தீர்மானித்துவிடுகிறது.

அந்த வரியை முழுக்கப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். நடிகர்களுக்கும் வாத்தியக் குழுவுக்கும், வாடகைக்கு எடுத்த விளக்குகளுக்கும் ஒலிக்கருவிகளுக்கும் ஆகும் செலவு, நாடகம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அன்றைய தேதிக்கு ஆகிவிடுகிறது. லண்டனில் 1932-இல் தொடங்கப்பட்ட ரீஜென்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கம்கூட, வானிலையால் நிகழ்ச்சி ரத்தானால் பணத்துக்குப் பதிலாக வேறொரு நாளுக்கு டிக்கெட்டை மாற்றித் தருவதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறது. ஆகவே பணம் திரும்ப வராது என்பது மட்டுமே வாங்காமல் விடுவதற்குப் போதுமான காரணம் ஆகாது. மாற்று நாளாவது உண்டா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நீங்கள் எடுத்துக்காட்டிய வரியில் இரண்டு வேறு செய்திகள் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. தூறலில் நாடகம் தொடர்ந்து நடக்கும், நனைய மனமில்லாமல் நீங்கள் எழுந்து போனால் பணம் கிடையாது என்பது ஒன்று. இதில் குறை சொல்ல ஏதுமில்லை, ஏனெனில் அவர்கள் தர ஒப்புக்கொண்டதைத் தந்துவிட்டார்கள். அரங்கத்தாரே நாடகத்தை ரத்து செய்துவிட்டால் என்ன ஆகும் என்பது மற்றொன்று; அதற்கு அந்த வரியில் பதிலே இல்லை. நாடகமும் நடக்காமல் மாற்று நாளும் தராமல் பணத்தையும் வைத்துக்கொள்வது, விற்ற சேவையைத் தராமலேயே காசை வைத்துக்கொள்வதாகும். நுகர்வோர் சட்டம் உள்ள எந்த இடத்திலும் அதை எதிர்த்துக் கேட்பதற்கு உங்களுக்கு வலுவான அடிப்படை உண்டு. அரங்கத்தார் பதிலளிக்காவிட்டால், அட்டையில் பணம் செலுத்தியவர்கள் தங்கள் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையைத் தகராறாகப் பதிவு செய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

மனம் மாறியதால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பது முற்றிலும் வேறு விஷயம். இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறை வழங்குகிறது. ஆனால் அதே நெறிமுறை, குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு அந்த உரிமையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கு அளித்திருக்கிறது. நுகர்வோருக்குப் பரிவான சட்டத்திலேயே இப்படி என்றால், வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துப் பயந்து முந்தின நாள் ரத்து செய்யும் வசதியை வேறெங்கும் எளிதில் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, அரங்கத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியது. தொடங்குவதற்கு முன்பே ரத்தானால் என்ன, தொடங்கி இடைவேளைக்கு முன் நின்றால் என்ன, இடைவேளைக்குப் பின் நின்றால் என்ன என்று மூன்றையும் பிரித்தே கேளுங்கள். இடைவேளையைத் தாண்டிவிட்டாலே முழு நாடகமும் நடந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அரங்கங்கள் உண்டு. இதை நான் என் செலவில்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை இடைவேளை முடிந்து, இரண்டாம் பாகத்தின் முதல் பாட்டுக்கு ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து நின்ற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாட்டு பாதியிலேயே நின்றது, ஒருவர் துணியைக் கொண்டுவந்து மேடைத் தரையை இரண்டு முறை துடைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மறுநாள் மாற்று டிக்கெட் கேட்டு எழுதியபோது, டிக்கெட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்த பதினோராம் நிபந்தனையைப் படிக்கச் சொல்லி மரியாதையாகப் பதில் வந்தது. படித்தேன், அவர்கள் சொன்னது சரிதான்.

மழையைவிட இடிக்கே நான் அதிகம் பயப்படுவேன். சாரலில் நடிகர்கள் சமாளிப்பார்கள். இடிச் சத்தம் கேட்டுவிட்டால் எல்லோரும் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் இடி காதில் விழுகிறது என்றாலே நீங்கள் மின்னல் எட்டும் தொலைவில் இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் ஆன பிறகே வெளியே வரலாம் என்பது பாதுகாப்பு விதி. இதனால் ஒரேயொரு இடி நாடகத்தை அரை மணி நேரம் தள்ளிவிடும், நடுவில் இன்னொன்று இடித்தால் அரை மணி நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அக்கம்பக்கத்தாரின் தூக்கத்துக்காக இரவில் ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டிய நேரக் கட்டுப்பாடும் அரங்குக்கு இருந்தால், இரண்டரை மணி நேர நாடகம் முடிவை எட்டாமலே போகலாம். அந்த நேரம் எது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பதிலைத் தொலைபேசியில் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: அதிக விலையுள்ள முன்வரிசையா, மலிவான புல்வெளி இடமா? நகைச்சுவை நாடகத்துக்கு எது சரி?

பதில்: இரண்டும் இல்லை. நடுவில், ஒலிக்கலவை மேசைக்கு அருகில் வாங்குங்கள்.

சோக நாடகத்தில் ஒரு வரி காதில் விழாவிட்டாலும் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். நகைச்சுவை இசை நாடகத்திலோ சிரிப்பு முழுவதும் சொல்லில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் வேகமாகப் பாடப்படும் அடியின் கடைசிச் சொல்லில். அந்தச் சொல்லைத் தவறவிட்டால், டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் பாதி போயிற்று. ஒருமுறை மேடைக்கு மிக நெருக்கமாக, ஆனால் ஓரத்தில், விலை கூடிய இருக்கையில் அமர்ந்திருந்தேன். ஸ்பீக்கர் எங்களைத் தாண்டி நடு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்து “என்ன சொன்னான்?” என்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சிரிப்பு எழும்.

சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் ஒலியைத் திருப்பி அனுப்ப எதுவும் கிடையாது. மூலத்திலிருந்து தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், மேடையிலிருந்து 68 மீட்டர் தள்ளிப் புல்வெளியில் உட்கார்ந்திருப்பவருக்கு வாயசைவுக்கும் சொல்லுக்கும் இடையே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விழும். நல்ல அரங்கில் பின்வரிசைகளுக்கென்று தனி ஸ்பீக்கர்களை நிறுத்தி, அவற்றின் ஒலியை அளந்து தாமதப்படுத்தி, மேடையிலிருந்து வரும் ஒலியோடு பொருத்திவிடுவார்கள். அப்படிப் பின் ஸ்பீக்கர்கள் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், மலிவான இடமும் நல்ல இடமாகலாம். ஒலியைக் கலப்பவர் தாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அந்த மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகளை நான் சொன்னதற்குக் காரணம் அதுவே.

திறந்தவெளி அரங்குகளில் பேர்பெற்றது கிரேக்கத்தின் எபிடாரஸ். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. நடுவில் நாணயத்தைப் போட்டால் கடைசிப் படியில் கேட்கும் என்று அங்கே சொல்வது வழக்கம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் கருவிகளால் அளந்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, கடைசிப் படியில் ஏதோ சத்தம் என்பது தெரியும், அது நாணயம் என்பது தெரியாது. கிசுகிசுப்பு முன்படிகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே புரியும். கல் படிகள் செங்குத்தாக ஏறும் எபிடாரஸிலேயே இந்த நிலை என்றால், சமதளப் புல்வெளியில் ஒரு பாத்திரம் தனக்குள் முணுமுணுக்கும் நகைச்சுவை உங்களை எட்டுவது மைக்கின் தயவில்தான்.

முன்பதிவு வரைபடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். பார்வையாளர்கள் மேற்கு நோக்கி உட்காரும் அரங்கானால், முதல் அரை மணி நேரம் கண்ணுக்கு நேரே சூரியன் நிற்கும்.

கேள்வி: சுவரொட்டியில் பிரபலமான இசை நாடகத்தின் பெயர் இருக்கிறது, நடிப்பவர்கள் உள்ளூர்க் குழுவினர். முழு நாடகம்தான் கிடைக்கும் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: பெயருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய சொல்லைப் படியுங்கள். உரிமை பெற்ற நிறுவனங்கள் ஒரே நாடகத்தைப் பல வடிவங்களில் உரிமம் கொடுக்கின்றன. ‘ஜூனியர்’ என்று இருந்தால், பள்ளி வயதுப் பிள்ளைகள் நடிப்பதற்காகச் சுமார் 60 நிமிடங்களுக்குச் சுருக்கப்பட்ட வடிவமாக இருக்கும். ‘கச்சேரி வடிவம்’ என்றால் பாட்டுகள் இருக்கும். மேடை அமைப்பையும் ஆடை அலங்காரத்தையும் பெரிதாக எதிர்பார்க்கக்கூடாது. இவற்றில் குறையொன்றுமில்லை, முழு நாடகத்தின் விலையில் விற்காத வரை. முழு நாடகத்துக்கு உரிமம் வாங்கிய குழு தன் விருப்பப்படி காட்சிகளை வெட்டவும் முடியாது. உரிமம் கொடுத்த நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதனால் விளம்பரத்தில் நாடகத்தின் நேரம் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உள்ளூர்க் குழு என்பதால் தயங்க வேண்டாம். நான் தயங்குவது பதிவு செய்த இசைக்கு. நகைச்சுவையில் சிரிப்பு எத்தனை விநாடி நீளும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நேரடி வாத்தியக் குழு இருந்தால், சிரிப்பு அடங்கும் வரை அதே இரண்டு அடிகளை நடத்துநர் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து, நடிகர் மூச்சை இழுப்பதைப் பார்த்ததும் பாட்டை எடுத்துக்கொடுப்பார். ஒலிப்பதிவு காத்திருக்காது. காத்திருக்கவைக்கும் மென்பொருள்கள் உண்டு என்றாலும், பொத்தானில் விரல் வைத்திருப்பவர் விழிப்பாக இருந்தால்தான் பலன். சிரிப்புச் சத்தத்துக்குள் பாட்டின் முதல் வரி அமுங்கிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். ‘நேரடி இசை’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அது வாக்குறுதி. அதன் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாறாக நடந்தால் புகாருக்கு அதுவே சான்று.

கேள்வி: அரங்கத்தின் தளத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது. வேறொரு தளத்தில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மறுவிற்பனை டிக்கெட்டில் மழைக்கான மாற்று நாள் முதலில் வாங்கியவரின் கணக்குக்கே போய்விடலாம். அது உங்களுக்கு வந்து சேருமா என்று தெரியாமல் பணம் கொடுப்பது வீண் துணிச்சல். ஒதுக்கி வைத்த இருக்கைகளைக் கடைசி நாட்களில் அரங்கத்தாரே விற்பனைக்கு விடுவதும் உண்டு என்பதால், டிக்கெட் சாளரத்தில் நேரில் கேளுங்கள். இலவச இடங்கள் உள்ளனவா என்றும் பாருங்கள்: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஏறத்தாழ 11,000 இருக்கைகள் கொண்ட ‘முனி’ திறந்தவெளி அரங்கில், பின்பகுதியில் சுமார் 1,500 இடங்கள் முந்தி வருபவர்களுக்கு இலவசமாகவே தரப்படுகின்றன.

எங்கே வாங்கினாலும் சேவைக் கட்டணம் உட்பட இறுதித் தொகை எவ்வளவு என்பதை முதல் திரையிலேயே தேடுங்கள். நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மொத்த விலையை முன்னதாகவே காட்ட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்படியொரு விதி இல்லாத இடங்களில் கடைசித் திரை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் விலைகளை ஒப்பிட வேண்டும்.

கேள்வி: குடை, மடக்கு நாற்காலி, ஐந்து வயதுப் பிள்ளை மூன்றையும் கொண்டுபோகலாமா?

பதில்: குடை பின்னால் இருப்பவரின் பார்வையை மறைப்பதால் பெரும்பாலான அரங்குகளில் விரிக்க விடமாட்டார்கள், தலைமூடியுள்ள மழைச்சட்டையும், ஈர இருக்கையைத் துடைக்க ஒரு பழைய துண்டும் போதும். நாற்காலி புல்வெளி டிக்கெட்டுக்கு மட்டுமே பொருந்தும், அதிலும் தாழ்வான நாற்காலியைத்தான் அனுமதிப்பார்கள். உயர வரம்பைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளையைப் பொறுத்தவரை, நகைச்சுவை என்று போட்டிருப்பதால் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று எண்ணிவிடக்கூடாது. இரட்டை அர்த்தப் பாட்டுகள் நிறைந்த நகைச்சுவை நாடகங்கள் ஏராளம் உண்டு, வயது வரம்பு அறிவிப்பு எப்போதும் டிக்கெட்டில் இருப்பதுமில்லை. வயது பொருந்தினால், இருக்கையை நடைபாதை ஓரமாக எடுங்கள். திறந்தவெளியில் நாடகம் தொடங்குவதே பொழுது சாயும் நேரத்தில் என்பதால், இரண்டாம் பாகத்தின் நடுவில் தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் எழுந்து வழிவிடச் சொல்லாமல் வெளியேற வசதியாக இருக்கும்.