நாய் நின்ற இடத்தைப் பாருங்கள்: மோப்ப நாய்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கே: போதைப்பொருள் தேடும் நாய்களுக்கு அந்தப் போதையையே பழக்கிவிடுவார்களாமே?

ப: இல்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டேயிருக்கிறது. நாய் தேடுவது தன் பந்தை. கஞ்சா வாசனை வரும் இடத்தைக் காட்டினால் பந்து கிடைக்கும் என்று அது பழகியிருக்கிறது, அவ்வளவுதான். போதைப்பொருள் உடலுக்குள் போனால் நாயின் உயிருக்கே ஆபத்து.

கே: ஒரே நாயை வெடிகுண்டுக்கும் போதைப்பொருளுக்கும் பயன்படுத்தினால் செலவு மிச்சம்தானே?

ப: நாய் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்துவிட்டது; 'இங்கே இருக்கிறது' என்று அது காட்டும் அடையாளம் அதுதான். உள்ளே கஞ்சாவா, வெடிமருந்தா? பெட்டியைத் திறப்பதா, கட்டடத்தையே காலி செய்வதா? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு செலவைப் பற்றிப் பேசுங்கள்.

கே: எங்கள் தெருவில் திருட்டு நடந்தது. மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச் சாலையோரம் நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. இதற்கு எதற்கு இத்தனை பயிற்சி?

ப: "சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." செய்திகளில் இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நாய் நின்ற இடம்தான் ஐயா செய்தி! தடம் அங்கே அறுகிறது என்றால், திருடன் அங்கே வண்டி ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். இனி அந்த இடத்தின் கேமராப் பதிவைப் பார்க்க வேண்டும், டயர் தடத்தைத் தேட வேண்டும். அது மனிதர்களின் வேலை. தடம் பிடிக்கும் நாய் நீண்ட கயிற்றில், தரையில் மூக்கை வைத்துப் போகிறது. ஆளைக் கவ்விப் பிடிப்பது வேறு பயிற்சி.

அந்தத் தடம்தான் என்ன? நம் உடலிலிருந்து ஓயாமல் உதிரும் தோல் செதில்களும், மிதிபட்ட புல்லும் மண்ணும் கிளப்பும் வாசனையும். உங்கள் கடிதத்திலேயே "நாங்கள் எல்லோரும் உள்ளே போய்ப் பார்த்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது ஐம்பது பேர் மிதித்து, உடைந்த பூட்டை ஆளுக்கொரு முறை கையில் எடுத்துப் பார்த்த பிறகு நாயைக் கூப்பிட்டால் அது யார் வாசனையைப் பிடிக்கும்? உங்களுடையதையா? நாய் வரும் வரை யாரும் உள்ளே போகாதீர்கள். எதையும் தொடாதீர்கள். பழியை மட்டும் நாயின் தலையில் போடாதீர்கள்.

கே: பணியில் இருக்கும் நாயைத் தடவிக்கொடுக்கலாமா?

ப: கூடாது.

கே: கையாளுநர் விடுப்பில் போனால் வேறொருவர் அந்த நாயைத் தேடலுக்குக் கொண்டுபோகலாமா?

ப: உணவு வைக்கலாம், நடக்கக் கூட்டிப் போகலாம். தேடலுக்கு வேண்டாம். வாசனை மூக்கில் பட்டதும், நாய் உட்காருவதற்கு முன்பே தலை வெடுக்கென்று திரும்பும், வாய் மூடிக்கொள்ளும், வாலின் ஆட்டம் மாறும். இதைக் கண்டுகொள்ளப் பல மாதப் பழக்கம் வேண்டும். நாயும் கையாளுநரைக் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறது. அமெரிக்காவில் நாயும் கையாளுநருமாக 18 ஜோடிகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எதுவுமே ஒளித்துவைக்காத அறைகளில் கையாளுநர்களிடம் மட்டும் "இங்கே இருக்கிறது" என்று சொல்லி வைத்தார்கள். இல்லாத பொருளை நாய் கண்டுபிடித்துவிட்டதாகப் பலர் சொன்னார்கள். முன்முடிவோடு கயிற்றைப் பிடிக்காதீர்கள்.

கே: அரை மணி நேரத்திலேயே நாயை ஓய்வுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவ்வளவுதானா அதன் உழைப்பு?

ப: நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூச்சிரைக்கும் நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிர் போகும் நிலை. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அதை ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள்.

கே: என் நாய் மிகவும் புத்திசாலி. காவல்துறையில் சேர்ப்பார்களா?

ப: வயது எழுதவில்லை, இனம் எழுதவில்லை. நான் என்ன சொல்ல? உயரமான புல்லுக்குள் பந்தை எறிந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் அலுத்துப்போய் உங்களிடம் திரும்பி வந்தால் அது நல்ல வீட்டு நாய். வீட்டிலேயே இருக்கட்டும்.

கே: ஓய்வுபெற்ற நாயைத் தத்தெடுக்க விரும்புகிறேன்.

ப: முதலில் அதன் கையாளுநர் எடுத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள், அதுதான் நியாயம். எட்டு, ஒன்பது வயதில் ஓய்வுபெறும் நாய்க்கு இடுப்பும் மூட்டும் தேய்ந்திருக்கலாம். மருத்துவச் செலவுக்குத் தயாராக இருங்கள். வேலை நின்றதும் சில நாய்கள் சோர்ந்துபோகும். தினமும் வீட்டில் பந்தை ஒளித்துவைத்துத் தேட விடுங்கள். மூடிய வண்டிக்குள் விடக் கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.