கொக்கும் கெரக்கும் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளை என் தங்கை எனக்கு வாசித்துக் காட்டுவாள். இந்தக் கடிதமும் நான் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்ததுதான்.

என் மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் சொல்கிறாள், சேர்த்து வாசிக்க வரவில்லை. நேற்று ‘கொக்கு’ என்பதை ‘கெரக்கு’ என்று வாசித்தாள். மூன்று தடவை சொல்லிக்கொடுத்தும் அதையே சொல்லவும், கோபத்தில் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அழுதபடியே தூங்கிப்போனாள். இன்னும் ‘அரும்பு’ நிலையில்தான் இருக்கிறாள், வீட்டிலும் வாசிக்க வையுங்கள் என்கிறார் டீச்சர். நான் ஐந்தாவதோடு நின்றவள். காய்கறி மார்க்கெட்டில் வேலை. நானே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் என்பதால் அவள் முன்னால் புத்தகத்தை எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. டியூஷனில் சேர்க்கலாமா? என்ன புத்தகம் வாங்கலாம்?

ம.
ஒட்டன்சத்திரம்

அன்புள்ள ம.,

முதலில் அந்தக் ‘கெரக்கு’. உங்கள் மகள் அந்தச் சொல்லை மிகக் கவனமாகப் பார்த்திருக்கிறாள். ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’, அதற்குப் பிறகு துணைக்கால். துணைக்கால் பார்வைக்கு ‘ர’ மாதிரிதானே இருக்கிறது? கெ, ர, க்கு. கண்ணில் பட்டதை வரிசை மாறாமல் வாசித்திருக்கிறாள். படத்தைப் பார்த்து ‘கொக்கு’ என்று ஊகித்துச் சொல்லியிருந்தால் நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் வாசிப்பில் அதைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது இந்தக் ‘கெரக்கு’.

நம் உயிர்மெய் 216. அவற்றில் கெ, கே, கை வரிசைகளில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியதோ ‘க்’ ஒலியை. கொ, கோ வரிசைகளில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் இது தெரிவதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய வேலை. தரையில் சாக்பீஸால் ஒரு ‘க’ எழுதுங்கள். அவள் இடது கையைக் கொம்பாகவும் வலது கையைக் காலாகவும் அதன் இரண்டு பக்கமும் வைக்கட்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சத்தம், ஒரே கைதட்டு: கொ. பிறகு மொ, பொ, தொ. ஒரு நாளைக்கு நான்கு போதும்.

‘அரும்பு’ என்று டீச்சர் சொன்னது உங்களைச் சுட்டிருக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புவரையுள்ள பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வைத்தார்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கற்றுக்கொடுப்பதற்காக வைத்தது அது. அதை ரேங்க் கார்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் காதில் விழும்படி அந்தப் பேச்சை எடுக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. அவள் வீட்டில் பேசுவது ‘வீட்டுக்குப் போனான்’. புத்தகத்தில் இருப்பது ‘வீட்டிற்குச் சென்றான்’. அவள் ‘வீட்டுக்குப் போனான்’ என்று வாசித்தால் திருத்தாதீர்கள். புரிந்துவிட்டதால்தான் அப்படி வருகிறது. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்று இருக்கும் மொழியில், புத்தகத் தமிழ் காதில் விழுந்து விழுந்துதான் நாக்குக்கு வரும். அதற்கு யாராவது அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அந்த யாராவது நீங்கள்தான். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தக் கூச்சம்தான்.

என் பாட்டி மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் பள்ளியில் சேர்ந்தவன் நான். என் பாடப்புத்தகத்தில் ‘லை’ வந்தால் பாட்டி ஒரு கணம் நிற்பார். அவர் பெட்டியில் இருந்த பழைய புத்தகத்தில், யானைத் துதிக்கைபோல மேலே சுழித்த ‘லை’ வந்தால் நான் நிற்பேன். அவர் நின்ற இடத்தில் நான் சொல்வேன், நான் நின்ற இடத்தில் அவர் சொல்வார். விளக்கடியில் அவர் விரல் வரிக்கு அடியில் ஊர்ந்து போவது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. தடுமாறுவது கேவலம் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை, பெரியவர் ஒருவர் தடுமாறித் தடுமாறி வரியை முடிப்பதைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உங்கள் மகளுக்கும் அது கிடைக்கட்டும். இரவு பத்து நிமிடம், அவளை ஒட்டி உட்கார்ந்து, விரல் வைத்து, எழுத்துக்கூட்டியே வாசியுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் அவள் உதவட்டும். அவள் நின்றால் உடனே சொல்லிவிடாமல், ஒரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கும் நேரம் பொறுங்கள். பாதி நேரம் அவளே சொல்லிவிடுவாள். அப்போதும் வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். திரும்பத் திரும்பச் சொல்லவைக்க வேண்டாம், அடி வேண்டவே வேண்டாம்.

புத்தகம் கிடைக்கும்வரை தினசரிக் காலண்டர் போதும். காலையில் தாளைக் கிழிப்பது அவள் வேலையாக இருக்கட்டும். கிழமை, நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் நாள்தோறும் அதே இடத்தில் வரும் சொற்கள். ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும். மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போகும் நாளில் மூட்டையில் எழுதியிருப்பதையும் பஸ் போர்டையும் காட்டுங்கள்.

காசு கொடுத்துப் புத்தகம் வாங்குமுன் டீச்சரிடம் கேளுங்கள். ‘வாசிப்பு இயக்கம்’ என்று நுழை, நட, ஓடு, பற எனப் பிரித்து, மெல்லிய கதைப் புத்தகங்களை அரசு வெளியிட்டிருக்கிறது. பள்ளியில் இருந்தால் ‘நுழை’யில் ஒன்றை வீட்டுக்குத் தருவார்களா என்று கேட்டுப்பாருங்கள். ஒரு பள்ளிக்கு நான் போயிருந்தபோது கதைப் புத்தகமெல்லாம் பூட்டிய பீரோவுக்குள் புத்தம்புதிதாக இருந்தன. “கிழிஞ்சா நான்ல சார் கணக்குச் சொல்லணும்” என்றார் பொறுப்பில் இருந்தவர். அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் நூல்கள் பயன்படுவதற்கே என்பதை 1931-இலேயே நூலகவியலின் முதல் விதியாக வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் பிறந்த மண்ணில் பிள்ளைகளின் புத்தகம் கிழியாமல் இருப்பதுதான் எனக்குத் துக்கம். கிளை நூலகத்திலும் அவள் பெயரில் ஒரு கார்டு போட்டுவிடுங்கள். கொண்டுவந்த புத்தகத்தைப் பரணில் வைக்காமல், துணி காயப்போடும் கிளிப்பால் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் கொடியில் மாட்டுங்கள். ஒரே புத்தகத்தைப் பத்துத் தடவை எடுத்தாலும், பார்க்காமலே ஒப்பித்தாலும் தடுக்காதீர்கள். மனப்பாடமான வரியில்தான் எழுத்தும் சத்தமும் நிதானமாக ஒட்டிக்கொள்கின்றன.

டியூஷன் இப்போது வேண்டாம். அந்த நேரம் உங்கள் மடியில் கழியட்டும்.

அடுத்த முறை தங்கையிடம் கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லும்போது கடைசி வரியை மகளிடம் விட்டுவிடுங்கள். ஒரு தாளில் அவள் எழுதியதைப் படம் பிடித்து அனுப்புங்கள். கொக்கு கெரக்காக இருந்தாலும் திருத்தாமல் அனுப்ப வேண்டும்.

அன்புடன்.