ஆம்னியில் செல்ஃப் எடுக்கவில்லை: புது மோட்டாரா, ரிப்பேரா?

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலேயே அப்பளம் போட்டு, 2009 மாடல் ஆம்னியில் நானே கொண்டுபோய் பாளையங்கோட்டை, டவுண் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு மாதமாக, காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிற வண்டி, நாலு கடை ஏறி இறங்கியதும் சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. நேற்று ரதவீதியில் ஆட்டோக்காரர்கள்தான் தள்ளிவிட்டார்கள். ஒருவர் செல்ஃப் மோட்டாரையே மாற்றணும், 6,000 ஆகும் என்கிறார். இன்னொருவர் 1,500-ல் சரிசெய்கிறேன் என்கிறார். யாரை நம்ப?

பதில்: தம்பி, ரெண்டு பேரில் யாராவது மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார்களா? கழற்றாமல் சொன்ன விலை என்றால் ரெண்டையும் ஒதுக்கி வையுங்கள்.

முதலில் காசில்லாத சோதனை. சுற்றி முடித்து, வண்டி சூடாக மக்கர் பண்ணும்போதே, ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி, டெர்மினல், கேபிள் பக்கம் போங்கள் (உள்ளே மோட்டார் இறுகியிருந்தாலும் இப்படி ஆகும்). வெளிச்சம் அப்படியே நிற்க, ‘டக்’ மட்டும் கேட்டால் சோலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச்) காண்டாக்ட் அல்லது கார்பன் பிரஷ் (உள்ளே சுழலுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு). ‘டகடக’ என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரிதான். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே அடைந்து கிடக்கிறது, சூடு ஏறினால் செம்புச் சுருளில் கரண்ட் ஓட்டம் குறையும், ஏற்கெனவே தேய்ந்த பாகம் அப்போதுதான் கைவிடும். காலையில் நல்லபிள்ளையாக இருப்பது அதனால்தான்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகிற எர்த் கேபிளை யாரும் பார்ப்பதில்லை. வோல்ட் பார்க்கிற மல்டிமீட்டரில் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளும் அதன் துருவும்தான் குற்றவாளி. எங்கள் பழைய வேனுக்கு நான் புது மோட்டாரே மாட்டி, அதுவும் எடுக்காமல், கடைசியில் பார்த்தால் ஒரு துருப்பிடித்த போல்ட். நல்லாயிருந்த பழைய மோட்டாரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறதா, ஆர்மேச்சரின் (உள்ளே சுழலுகிற பாகம்) செம்புப் பட்டைகள் கறுத்திருக்கின்றனவா, புஷ் (அதன் தண்டைத் தாங்குகிற வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் சுற்றுச்சுவரில் உரசின பளபளப்பு தெரிகிறதா என்று பாருங்கள். இன்ஜினைச் சுற்றிவிடுகிற பெண்டிக்ஸ் பல்சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒரு பக்கம் சுற்றணும், மறுபக்கம் பிடிக்கணும். பிரஷ், புஷ், சோலினாய்டு வரைக்கும் என்றால் தயங்காமல் ரிப்பேர்தான். ஆர்மேச்சர் கருகி வார்னிஷ் வாடை அடித்தால் ரீவைண்டிங்குக்கு (சுருளை மறுபடி சுற்றுவதற்கு) காசு கொடுக்காமல் புதுசு வாங்குங்கள் என்பேன்.

புதுசு வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, பல் எண்ணிக்கை, போல்ட் துளை, மேலே அடித்திருக்கிற நம்பர் எல்லாம் ஒத்துப் பாருங்கள். கம்பெனிப் பெட்டியில் உள்ளூர் சரக்கைப் போட்டு விற்கிறவர்களும் உண்டு, அதனால் பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

“எலெக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது” என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், அப்படி ஒன்றும் இல்லையென்றால் 30 நாளுக்குள்ளும், பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். வியாபாரத்துக்கு ஓட்டுகிற வண்டியாச்சே என்று தயங்க வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டுவதால் நீங்களும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 வருடத்துக்குள் போகணும்.

அப்புறம், எடுக்கவில்லையே என்று சாவியைத் திருகியே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். 10 விநாடிக்கு மேல் போனால் 1,500 ரூபாய் வேலை 6,000 ஆகிவிடும்.