இழுக்கும் முன் அளந்து பாருங்கள்: கப்பல் மீட்பு கேள்வி பதில்

தூத்துக்குடிக்காரன்: மணலில் ஏறி நின்ற கப்பலை இறக்க எத்தனை டக் (இழுவைக் கப்பல்) வேண்டும், சார்?

டக் கணக்கு கடைசியில்தான் வரும். முதலில் எல்லா டேங்கிலும் ஹோல்டிலும் (சரக்கு அறை) சவுண்டிங் எடுங்கள், அதாவது உள்ளே எவ்வளவு நீர்மட்டம் என்று அளந்து பாருங்கள். பிறகு படகில் கப்பலைச் சுற்றிவந்து கடலின் ஆழம் பாருங்கள். தரைதட்டும் முன் இருந்த சராசரி டிராஃப்ட்டிலிருந்து (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்) இப்போதைய சராசரியைக் கழித்து, வரும் சென்டிமீட்டரை டி.பி.சி.யால் பெருக்குங்கள். டி.பி.சி. என்பது கப்பல் ஒரு செ.மீ. அமிழத் தேவையான டன். வித்தியாசம் 40 செ.மீ., டி.பி.சி. 25 என்றால் 1,000 டன்னைத் தரை தாங்குகிறது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் அந்த எடையையும் கூட்டுங்கள்.

அடுத்தது உராய்வு, அதாவது தரை தாங்கும் எடையைப் பெருக்க வேண்டிய எண். சேற்றுக்கு 0.2 முதல் 0.3, மணலுக்கு 0.3 முதல் 0.4, பவளப்பாறைக்கு 0.5 முதல் 0.8, கரும்பாறைக்கு 0.8 முதல் 1.5 வரை. மணலில் 1,000 × 0.4 = 400 டன் இழுவிசை. ஒவ்வொன்றும் 60 டன் இழுக்கும் டக் என்றால் ஏழு. தரை தாங்கும் இடத்துக்கு நேர் மேலிருந்து 500 டன் சரக்கையோ எரிபொருளையோ இறக்கினால் நாலு டக் போதும். அதனால் டக் தேடி அலைவதற்கு முன் எடை இறக்க பார்ஜ் (சரக்குப் படகு) தேடுங்கள். இதே கப்பல் முழு நீளமும் மணலில் அமர்ந்திருந்தால் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) 20 செ.மீ. ஏறும்போது 500 டன் தானாகக் குறையும். ஓதம் இறங்கினால் அதே அளவு கூடும்.

கடல்நேசன்: தட்டியவுடன் ஃபுல் அஸ்டர்ன் (முழு வேகத்தில் பின்னோக்கி) கொடுத்தால் வந்துவிடாதா?

புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் மணலை அள்ளிக் கப்பலின் அடியிலேயே குவிக்கும். குளிர்விக்கும் நீரோடு மணல் உள்ளே போய் எஞ்சினும் ஜெனரேட்டரும் நிற்கும். அடியில் ஓட்டை இருந்தால் அதை அடைத்திருப்பதே தரைதான், ஆழத்துக்கு வந்ததும் மூழ்கும். சவுண்டிங் எடுக்காமல் எஞ்சினைத் தொடாதீர்கள். அலை மேலும் கரையேற்றுகிறது என்றால் பேலஸ்ட் (எடைக்காக டேங்கில் ஏற்றும் கடல்நீர்) நிரப்பி அமர்த்துங்கள், கடல்பக்கம் நங்கூரம் போடுங்கள்.

அலைவாய்: சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலை பௌர்ணமிதான் காப்பாற்றியதா?

பௌர்ணமி ஓதம் உதவியது. 2021 மார்ச் 23-இல் சிக்கிய 400 மீட்டர் கப்பல் 29-இல் மிதந்தது. அதற்குள் முகப்பைச் சுற்றிச் சுமார் 30,000 கன மீட்டர் மணலைத் தோண்டி, பேலஸ்ட் தண்ணீரையும் வெளியேற்றியிருந்தார்கள். கன்டெய்னர் ஒன்றைக்கூட இறக்கவில்லை.

எண்ணூர் பையன்: 2012 நீலம் புயலில் பெசன்ட் நகரில் கரையேறிய பிரதிபா காவேரி மாதிரி கப்பலுக்கு எத்தனை டக், அண்ணா?

முதல் பதிலைப் படி, தம்பி. டிராஃப்ட், டி.பி.சி., தரை. மூன்றும் தெரியாமல் எண்ணிக்கை கேட்காதே.

நங்கூரம்: இத்தாலியில் கவிழ்ந்த பயணிகள் கப்பல் கோஸ்டா கான்கார்டியாவை ஏன் நிமிர்த்தினார்கள்? கோல்டன் ரே கப்பலைப்போல வெட்டியிருந்தால் செலவு மிச்சமாகியிருக்குமே.

இரண்டும் வேறு கடல், வேறு தரை. 2019-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கரையருகே கவிழ்ந்த கோல்டன் ரே மணல் தரையில் கிடந்தது. இருபுறமும் கால்போட்டு நிற்கும் வி.பி. 10000 கிரேன், சங்கிலியை மேலும் கீழும் இழுத்து எட்டுத் துண்டாக அறுத்தது. ஜிலியோ தீவில் கான்கார்டியா பாறை முகடுகளின் மேல் சுமார் 65 பாகை சாய்ந்து கிடந்தது. வெளிப்பக்கம் செங்குத்தான சரிவு, கரைப்பக்கம் பாறை. அப்படிக் கிரேன் நிற்க இடமேது? வெட்டினால் உள்ளிருப்பதெல்லாம் கடலில் கொட்டும். 32 பேர் இறந்த கப்பல் அது. எல்லாருடைய உடலும் அப்போது கிடைத்திருக்கவில்லை.

அதனால் சரிவில் சிமென்ட் பைகளை அடுக்கி, கடலடியில் எஃகு மேடை கட்டினார்கள். கப்பல் வழுக்காமலிருக்க அடியே சங்கிலி கோத்துக் கரைப்பாறையில் கட்டினார்கள். 2013 செப்டம்பர் 16, 17-இல் 19 மணி நேரம் இழுத்து நிமிர்த்தினார்கள். இருபக்கமும் 15 வீதம் பொருத்திய மிதவைத் தொட்டிகளுக்குள் காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றி, 2014 ஜூலையில் மிதக்கவைத்து ஜெனோவாவுக்கு இழுத்துச் சென்றார்கள்.

நங்கூரம்: அந்தப் பணத்துக்கு இன்னொரு கப்பலே கட்டலாம். இதை வெற்றி என்பதா?

கப்பலைத் திரும்ப ஓட்டவா தூக்கினார்கள்? தீவின் கடலைச் சுத்தமாக விட்டுப்போவதுதான் வேலை. வெட்டினால் மலிவு என்பதற்குக் கோல்டன் ரேயும் சாட்சி சொல்லாது. அறுக்கும்போது தீப்பிடித்தது, எண்ணெய் கசிந்தது, கடைசித் துண்டு வெளியேற 2021 அக்டோபர் ஆனது.

மாலுமி மகள்: கவிழ்ந்த கப்பலின் எண்ணெயை எப்படி எடுப்பார்கள்?

டேங்கின் வெளித்தகட்டில் ஃபிளாஞ்சும் (குழாய் இணைக்கும் வளையத் தகடு) வால்வும் பொருத்தி, திறந்த வால்வின் வழியாகவே துளையிட்டு, துளைக்கருவியை வெளியே இழுத்ததும் வால்வை மூடுவார்கள். இப்படி மேலே ஒன்று, கீழே ஒன்று. கனமான எண்ணெய் இறுகியிருக்கும், அதனால் நீராவியால் சூடாக்குவார்கள். மேல் துளை வழியே எண்ணெயை இறைக்க, கீழே கடல்நீர் புகுந்து அந்த இடத்தை நிரப்பும். கீழ்த்துளை இல்லாவிட்டால் டேங்க் உள்ளே நசுங்கும்.

அலைவாய்: மூழ்கிய கப்பலில் காற்றடித்தால் மேலே வராதா?

வரும், ஆனால் அடங்காது. 20 மீட்டர் ஆழத்தில் அடைத்த காற்று மேற்பரப்புக்கு வரும்போது மூன்று மடங்காக விரியும். காற்று வெளியேற வழி விடாவிட்டால் டேங்க் பிளக்கும். ஒருபக்கம் முந்தினால் கப்பல் புரண்டுவிடும்.

கடல்நேசன்: மூழ்கிய கப்பலின் இரும்பை நாமே எடுக்கலாமா?

சட்டக் கேள்வி, கடல்சார் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

எண்ணூர் பையன்: பெரிய டக் என்றால் எத்தனை போதும், அண்ணா?

முதல் பதில்.

தூத்துக்குடிக்காரன்: சவுண்டிங் குழாய் அடைத்திருந்தால் டேங்குக்குள் இறங்கிப் பார்க்கலாமா, சார்?

வாயு அளக்கும் மீட்டர் இல்லாமல் கூடவே கூடாது. துரு ஆக்சிஜனைத் தின்றிருக்கும். அழுகிய சரக்கிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைட் முதலில் மூக்கையே மரத்துப்போகச் செய்யும், ஆகவே வாடை இல்லை என்று நம்பாதீர்கள். மேல், நடு, அடி மூன்றிலும் அளங்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டாவிட்டால் காற்றோட்டம் கொடுத்து மறுபடி அளங்கள். வாயிலில் ஓர் ஆளை நிறுத்துங்கள். உள்ளே ஒருவர் மயங்கினால், மூச்சுக்கருவி மாட்டாமல் அவர் பின்னால் குதிக்கக் கூடாது என்று அந்த ஆளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.