முக்கூடல் மாடி சோலார்: வாடகை ஏன் நின்னுபோகுது

வீட்டு மாடில போட்ட சோலார் பேனலுக்கு மாச வாடகை வாங்குறத விட்டுட்டு ஈபி பில் வர்ற அதே வாரத்துல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வாங்குங்க அண்ணாச்சி. 3 கிலோவாட் சோலார் போட்டுக் குடுத்த வீடுக மூணாம் மாசமே வாடகைய நிறுத்திட்டாங்கன்னு கேட்டீங்கள்லா, பில்லு குறைஞ்சத கண்ணால பாத்தாத்தான் குடுக்க மனசு வரும்.

ஆனா எனக்குப் பட்டது, வீடு தேர்ந்தெடுத்ததுலதான் இடிக்குது. பீடி சுத்துற வீட்ல முற்றத்துல ஒரு ஃபேன், உள்ள ரெண்டு லைட்டு, முதல் 100 யூனிட்டு எப்படியும் இலவசம், பெறகு அவங்களுக்கு என்ன மிச்சம் வந்துரும் சொல்லுங்க? 3 கிலோவாட் நல்ல வெயில்ல நாளுக்கு 12 யூனிட்டு பக்கம் குடுக்கும், ரெண்டு மாசத்துக்கு 700 தாண்டும். அவ்ளோ கரண்டு அங்க செலவே ஆகாது.

ஒவ்வொரு வீட்டுலயும் கடைசி ஆறு பில்ல வாங்கிப் பாருங்க. 500 யூனிட்டுக்குக் கீழ இருந்தா அங்க 1 கிலோவாட்டே போதும், இல்லன்னா அந்த வீட்ட விட்டுருங்க.

ஒண்ணு மறந்துராதீங்க, மாடி சோலாருக்கு மத்திய அரசு குடுக்குற சூர்யா கர் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா, வீட்டுக்காரர் பேங்க் கணக்குலதான் விழும், அத யாருக்குன்னு முன்னாடியே பத்திரத்துல எழுதிக்கிடுங்க. ஆனி ஆடில மேற்க சாரல் மூட்டம் போட்டா யூனிட்டு குறையும், அதையும் சொல்லிட்டே வாடகை பேசுங்க.