கரண்டி பிடிக்க ஆள் உண்டு, படிவம் நிரப்பத்தான் ஆள் இல்லை

சகோதரி, நீங்கள் கேட்டிருந்தது இது: கணவரின் வேலைக்காகக் கோவையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் வீடு எடுத்திருக்கிறீர்கள். உங்களுக்குக் குடும்ப விசா. பகலில் நேரம் இருக்கிறது. கொழும்பில் வறியவர்களுக்குச் சாப்பாடு, உலர் உணவு கொடுக்கிற அமைப்பு ஒன்றில் சேர்ந்து உதவ முடியுமா, சிங்களம் தெரியாமல் சமாளிக்கலாமா? நானும் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன். முடியும், தாராளமாகச் செய்யலாம். ஆனால் பரிமாறும் வேலையை மட்டும் நினைத்துக்கொண்டு வராதீர்கள். வெசாக் என்கிற புத்த பௌர்ணமி வந்தால் தெருவுக்குத் தெரு தன்சல் என்ற இலவசச் சாப்பாட்டுப் பந்தல், நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்தோறும் கஞ்சி. கரண்டி பிடிக்க இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு படிவத்தைப் பொறுமையாக வாசித்துச் சொல்லி, எழுத்துப் பிசகாமல் நிரப்பி, அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வந்து உட்காருகிற ஆள்தான் கிடைப்பதில்லை.

முதலில் விசா. கடவுச்சீட்டில் உள்ள முத்திரையை எடுத்து வாசியுங்கள். ஊதியத்துக்கோ ஊதியமில்லாமலோ வேலை செய்யக்கூடாது என்று இருந்தால், ‘நான் சம்பளம் வாங்கவில்லையே’ என்ற பேச்சு எடுபடாது. நீங்கள் சேரப்போகும் அமைப்பிடம், எந்த நாள், என்ன பணி, ஊதியம் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி, பத்தரமுல்லை சுகுருபாயவில் உள்ள குடிவரவுத் திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். அப்படிக் கடிதம் தர முடியாது என்கிற அமைப்பை விட்டுவிடலாம்.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி போதும். பதிவு எங்கே? தொண்டு அமைப்புகள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அரசு சார்பற்ற அமைப்புகளுக்கான தேசிய செயலகத்தில் பதிந்திருக்கலாம்; கம்பனிச் சட்டத்தின் கீழ், உறுப்பினர்களின் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகவும் இருக்கலாம். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரிலா, தலைவர் பெயரிலா? பிள்ளைகளோடு வேலை என்றால், தொண்டர் எவரும் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? மூன்றாவதற்குத் தடுமாறினால் அங்கே பிள்ளைகள் பக்கம் போகவே வேண்டாம். சிலர் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். அது நல்ல அடையாளம், கோபப்படாதீர்கள். இன்னொன்று: ஊர் நண்பர்களிடம் பணம் திரட்டி உங்கள் சொந்தக் கணக்கில் போட்டுக்கொள்ளாதீர்கள். நேரே அமைப்பின் கணக்குக்குப் போகட்டும், ரசீதும் அவர்கள் பெயரிலேயே வரட்டும்.

தேவை எங்கே என்றால், வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து பார்த்தால் தெரியாது. வடக்கே போக வேண்டும்: கொட்டாஞ்சேனை, மோதரை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை, மாளிகாவத்தை, வனாத்தமுல்லை. 155ஆம் இலக்க பஸ் காலி வீதியிலிருந்து மட்டக்குளிவரை போகிறது. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமிகள், மலையகத்திலிருந்து கடைவேலைக்கு வந்தவர்கள், ‘தோட்டம்’ என்று இங்கே சொல்கிற நெரிசலான சேரிகளில் ஒற்றை அறையில் குடும்பமே இருப்பவர்கள், அங்கிருந்து நகர அபிவிருத்தி அதிகாரசபையின் தொடர்மாடிக்கு மாற்றப்பட்டவர்கள் என்று ஒவ்வொருவர் கஷ்டமும் வேறு. தொடர்மாடியில் கூரை இருக்கிறது, கூடவே பராமரிப்புக் கட்டணமும் கரன்ட் பில்லும் வந்துவிடுகின்றன. லிஃப்ட் நின்றுபோனால் மேல்மாடிக் கிழவி கீழே இறங்குவதே இல்லை.

சமையலறை வேலையிலும் நுணுக்கம் உண்டு. 100 சோற்றுப் பார்சலுக்கு நாட்டரிசி 12 கிலோ, மைசூர்ப் பருப்பு 4 கிலோ, மரக்கறி 8 முதல் 9 கிலோ, முட்டை 100. பருப்பைத் தேங்காய்ப்பால் விடாமல் தாளித்து இறக்கச் சொல்லுங்கள். பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும்தான் இந்தப் புழுக்கத்தில் முதலில் புளிக்கும். சோறு ஆறி, மூடிய பார்சலுக்குள் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரம்தான் ஆபத்து. வயிற்றைக் கெடுக்கிற கிருமி அதில்தான் பெருகும். அடுப்பிலிருந்து இறக்கியது 11.15 என்றால் 11.45க்கு வண்டி புறப்பட வேண்டும், 1 மணிக்குள் கைக்குக் கை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பையின்மேல் சமைத்த நேரத்தை மார்க்கரால் எழுதிவிடுங்கள். ராத்திரிக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள், ஏனென்றால் எடுத்து வைப்பார்கள். மாட்டிறைச்சி இந்துக்களுக்கும் பௌத்தர்கள் பலருக்கும் ஆகாது, கோழி என்றால் ஹலாலா என்ற கேள்வி வரும். முட்டையும் சோயாவும் பெரும்பாலும் தகராறில்லாதவை. பௌர்ணமிப் போயா நாளில் முழு மரக்கறிச் சாப்பாடாகவே போட்டுவிடுவது நல்லது. காஸ் சிலிண்டர் 12.5 கிலோ, மாற்றுச் சிலிண்டர் ஒன்று நிரம்பியிருக்கிறதா என்று முதல்நாளே பார்க்க வேண்டும். 2022இல் காஸ் வரிசையில் நின்ற ஊர் இது, யாரும் இதைச் சிரித்துத் தள்ளமாட்டார்கள்.

உலர் உணவுப் பொதியில் புதியவர்கள் செய்கிற பிழை, ‘சத்தானது’ என்று கடலையும் பயறும் அள்ளிப் போடுவது. ஊறவைத்து முக்கால் மணி நேரம் அவிக்க யாரிடம் காஸ் இருக்கிறது? மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருக்கிற வீட்டுக்கு 20 நிமிடத்தில் வேகிற மைசூர்ப் பருப்புதான் உதவி. நால்வர் குடும்பத்துக்கு ஒரு வாரப் பொதி என்றால் அரிசி 5 கிலோ, பருப்பு 1, சீனி 1, கோதுமை மா 1, பால்மா 400 கிராம், சோயா 2 பக்கற், தேயிலை, உப்பு, சவர்க்காரம். மொத்தம் 9 கிலோவைத் தாண்டும். அதை ஒரே பையில் கட்டாதீர்கள். கைப்பிடி அறுந்து படியில் சிந்தும், வயதானவர் தூக்கவும் முடியாது. இரண்டு பையாகப் பிரியுங்கள். பால்மா பக்கற்றில் ‘விற்பனைக்கல்ல’ என்று மார்க்கரால் எழுதிவிடுவது வழக்கமாக இருக்கட்டும், அதுதான் முதலில் கடைக்குத் திரும்பிப் போகும். போதைத்தூள் பழக்கம் உள்ள வீடு என்று தெரிந்தால் பொதியைப் பெண் கையில் கொடுப்பார்கள். அதை அங்குள்ள தொண்டர்கள் தீர்மானிக்கட்டும், நீங்கள் புகுந்து பேச வேண்டாம்.

இனிப் படிவங்கள். உங்களுக்கு நான் சொல்கிற வேலை இதுதான்.

கொழும்பில் ஒரு ஏழைக் குடும்பம் உதவிகளிலிருந்து விடுபடுவது பெரும்பாலும் காகிதத்தால்தான். ஏழைகளுக்கு அரசு கொடுத்துவந்த சமுர்த்தி உதவித்தொகையின் இடத்தில் 2023இல் வந்தது அஸ்வெசும. அந்தப் பணம் வங்கிக் கணக்குக்குப் போகும். கணக்குத் திறக்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு அந்தப் பகுதி அரச அலுவலரான கிராம சேவகரின், இங்கே எல்லாரும் சொல்கிற ‘ஜீ.எஸ்’ஸின், கையெழுத்து வேண்டும். அவர் வாக்காளர் பட்டியலை, இங்கத்தைய பேச்சில் இடாப்பை, பார்ப்பார். வாடகை அறைக்காரரைத் தன் விலாசத்தில் பதிய வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். மலையகத்தில் ஹட்டனிலோ பதுளையிலோ தேயிலைத் தோட்டத்து விலாசத்தில் பெயர் கிடக்கும், ஆள் புறக்கோட்டையில் இருப்பார். இந்தச் சங்கிலி எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு கண்ணியை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவதுதான் உதவி மேசையின் வேலை. பிறப்பே பதியப்படாதவருக்குக் காலங்கடந்த பதிவு உண்டு. அதுவும் முடியாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ். அட்டை தொலைந்தவருக்கு முதலில் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. 15 வயது ஆன பிள்ளைக்கு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பரீட்சை நெருங்கும்வரை வீட்டில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு ஓடுவார்கள்.

நிரப்பும்போது நம்மூர்ப் பழக்கத்தை மூட்டைகட்டி வையுங்கள். இங்கே முழுப்பெயர் ஒரு கட்டத்தில், முதலெழுத்துகளோடு பெயர் இன்னொரு கட்டத்தில் கேட்பார்கள். அப்பா பெயர் முழுப்பெயரின் முன்னால் வந்திருக்கும். அரச ஆவணங்களில் திகதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வரும். நம் பழக்கத்தில் நாளை முன்னால் எழுதினால் மார்ச் 5 மே 3 ஆகிவிடும். பெயரைக் காதால் கேட்டு எழுதவே கூடாது. பிறப்புச் சான்றிதழில் ராஜம்மாள், அட்டையில் ராசம்மா, வங்கிப் புத்தகத்தில் ராஜமா என்று ஒரே பெண்மணி மூன்று பேராக இருப்பார். எதையும் ‘திருத்தாமல்’ அந்தந்த ஆவணத்தில் இருப்பதை எழுத்துக்கெழுத்துப் பார்த்து எழுதுங்கள். மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் (ஜே.பி.) முன் சத்தியக்கடதாசி, அதாவது அஃபிடவிட், முடித்து இணைத்துவிட்டால் பல இடங்களில் காரியம் நடக்கும்.

பிறந்த திகதியைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய அடையாள அட்டை எண் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள் என்றே கணக்கு. எண் 62623 என்று தொடங்கினால் 1962இல் பிறந்த பெண், 123ஆவது நாள், அதாவது மே 2. 2016இலிருந்து வருகிற 12 இலக்க எண்ணில் ஆண்டு 4 இலக்கமாக இருக்கும், மற்றக் கணக்கு அதேதான். அட்டையின் எண் ஒன்றைச் சொல்லி, பிறப்புச் சான்றிதழ் வேறொன்றைச் சொன்னால், விண்ணப்பம் திரும்பி வரும் என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். அடையாள அட்டை கொடுக்கிற ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் பத்தரமுல்லைவரை வீண் அலைச்சலும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

பூர்த்தி செய்த படிவத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து அவரது தொலைபேசிக்கே அனுப்புங்கள். உங்கள் தொலைபேசியிலிருந்து அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். பட்டியல் என்றால் இங்கே தமிழர்களுக்கு ஒரு நடுக்கம் உண்டு: 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கும்பல் வீடுவீடாக வந்தது. யார் நீங்கள், எதற்கு எழுதுகிறீர்கள், இந்தத் தாள் எங்கே போகும் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். நம்மூரில் சாதாரணமாகக் கேட்கிற ‘எந்த ஊர், யார் யார் இருக்கிறார்கள், வீட்டுக்காரர் எங்கே’ எல்லாம் இங்கே சாதாரணக் கேள்விகள் அல்ல. படிவத்தில் கட்டம் இருந்தால் மட்டும் கேளுங்கள். பொதி வாங்குகிறவர் முகத்தைப் படமெடுத்துப் பகிர்கிற அமைப்பில் இருந்தால் படமெடுக்கிற வேலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

ஆங்கிலம் நன்றாக வரும் என்று எழுதியிருந்தீர்கள். அது பயன்படும் இடம் வைத்தியசாலை. மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று எல்லாப் பக்கமிருந்தும் தமிழ்பேசும் நோயாளர்கள் வருகிறார்கள்; 138ஆம் இலக்க பஸ் மகரகம போகிறது. மருந்துச் சீட்டும் அறிக்கையும் ஆங்கிலத்தில் இருக்கும். அடுத்த கிளினிக் திகதி என்ன, எந்த மருந்தை வெளியே வாங்கச் சொல்லியிருக்கிறார்கள், அது அரச மருந்துக்கடையான ஒசுசலவில் கிடைக்குமா என்று பார்த்துச் சொன்னாலே பெரிய ஆறுதல். டொக்டர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், சேர்க்கவும் வேண்டாம், இனிப்புத் தடவவும் வேண்டாம். ‘சுகமாகுமா’ என்று உங்களைக் கேட்டால், அந்தக் கேள்வியை டொக்டரிடமே கொண்டுபோங்கள்.

மழைக்காலத்தில் களனி கங்கை பெருகினால் கொலன்னாவை, மட்டக்குளிப் பக்கம் நிவாரண வேலை வரும். வெறுங்காலோடு வெள்ளத்தில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் உண்டு. முன்தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் சோற்றுப் பார்சல் மலைபோல் வந்து வீணாகும். நான்காம் நாள்தான் துடைப்பம், வாளி, உள்ளாடை, அணையாடை கேட்பார்கள், அப்போது கொடுக்க ஆள் இருக்காது. கையிருப்பை அதற்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சிங்களம் இல்லாமல் உதவி மேசையில் உட்காரலாம், ஆனால் வந்தவருக்குத் துணையாக அரச அலுவலகத்துக்குப் போக முடியாது. அதற்குச் சிங்களம் தெரிந்த தொண்டர் ஒருவரோடு சோடி சேர்த்துவிடச் சொல்லுங்கள். கொழும்பில் அப்படி மூன்று மொழிக்காரர் எந்த அமைப்பிலும் இருப்பார். தொலைபேசியில் நான்கு எண் வைத்திருங்கள்: அம்புலன்ஸ் 1990, சிறுவர் பாதுகாப்பு 1929, பெண்கள் 1938, மனநலம் 1926.

தொடங்கும்போது வாரம் ஒரு அரைநாள் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், செவ்வாய் 9 முதல் 12 என்பது போல. ஊருக்குப் போகிற வாரங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வருவீர்கள் என்று ஒருவர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு மட்டக்குளியிலிருந்து வந்து காத்திருப்பார்.